இரயில்கள் சென்னை நேரத்தில் ஓடிய காலம்

கல்கத்தாவில் ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுகிறான். அதே நாளில் சென்னையில் 5.40 மணியைக் கடந்த பின்னரே உதயமாகிறது. பம்பாயில் ஆறு மணியாகிறது. டிசம்பர் பிறந்துவிட்டாலோ இங்கே மாலை ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்து விளக்கேற்ற நேரிடுகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் உறவினர் ஒவ்வொருவரும் இது குறித்துத் தவறாமல் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "கடிகாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே? பிறகு பொழுது மட்டும் ஏன் முன்னே பின்னே விடிகிறது?" பூமி சுழல்கிறது, கிழக்கே இருப்பவன் முதலில் சூரியனைக் காண்கிறான் என்று பள்ளிப் புத்தகத்து விடையைச் சொல்லி அவரை அனுப்பிவிடலாம். ஆயினும் அது கேள்வியில் ஒரு பாதிக்கே விடையாகும். பொழுது வெவ்வேறாக இருக்கும்போது கடிகாரம் மட்டும் எவ்வாறு ஒன்றாயிற்று என்பதே மற்றப் பாதி. அதற்குரிய விடையை இரயில்வேயின் வரலாற்றில்தான் தேட வேண்டும். மெட்ரிகுலேஷன் வரையில் மட்டுமே படித்து, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் அடியேன் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம். (ஊர்ப் பெயர்கள் பலவும் இப்போது மாறியுள்ளன, வரலாறு பேசுமிடத்துப் பழைய பெயர்களே வசதி என்பதால் அவற்றையே வழங்குகிறேன்.)

முதலில் கணக்கைப் பார்ப்போம். பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சுற்று என்பது 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பம்பாய் ஏறத்தாழ 73 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், சென்னை 80 பாகைக்குச் சற்று மேலும், கல்கத்தா 88 பாகைக்குச் சற்று மேலும் அமைந்துள்ளன. சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கல்கத்தாவில் உச்சி கடந்து 32 நிமிடம் ஆகியிருக்கும். பம்பாயில் உச்சிக்கு இன்னும் 30 நிமிடம் இருக்கும். இவ்விரு பெருநகரங்களுக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் சென்னை அமைந்திருப்பதை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

ஊருக்கு ஊர் பொழுது வேறுபடும் என்பது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஆரியபட்டர், இலங்கையில் சூரியன் உதிக்கும் வேளையில் வேறோர் இடத்தில் நண்பகலாகவும், மற்றோர் இடத்தில் அஸ்தமனமாகவும், இன்னோர் இடத்தில் நள்ளிரவாகவும் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். சோதிட நூலார் இலங்கையையும் உஜ்ஜயினியையும் இணைத்து வடக்குத் தெற்காக ஒரு கோட்டைக் கற்பித்து, அதையே தொடக்கமாகக் கொண்டனர். அக்கோட்டுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ உள்ள ஊருக்கு எத்தனை நாழிகை கூட்ட வேண்டும், எத்தனை நாழிகை கழிக்க வேண்டும் என்பதைத் 'தேசாந்தரம்' என்ற பெயரால் கணித்தனர். ஆனால் அக்கணக்கு பஞ்சாங்கத்தோடு நின்றது. அன்றாட வாழ்வில் அவரவர் ஊர்ச் சூரியனே அவரவர்க்குக் கடிகாரம். மாட்டு வண்டியில் போகிறவனுக்கு முப்பது நிமிட வேறுபாடு ஒரு பொருட்டன்று.

இனிச் சென்னைக்கு வருவோம். கும்பினியாரின் உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை அமைத்தார். கும்பினியார் அதைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பினர். சோழமண்டலக் கரையில் கப்பல்கள் பாறையிலும் மணல்திட்டிலும் மோதாமல் செல்ல வேண்டுமானால் கரையின் படம் சரியாக இருக்க வேண்டும். படம் சரியாக இருக்க வேண்டுமானால் தீர்க்கரேகை தெரிய வேண்டும். தீர்க்கரேகைக்கு நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். வியாபாரிகளுக்கு வானத்தின்மீது உண்டான அக்கறையின் காரணம் இவ்வளவே. கட்டடத்தை வகுத்தவர் மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட பெரிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்தனர். கட்டடம் மறைந்துவிட்டபோதிலும், அத்தூண் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

டாப்பிங்கிற்குப் பின் அங்கே பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம், வியாழ கிரகத்தின் சந்திரன்களைக் கொண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அச்சந்திரன்கள் வியாழனின் நிழலில் புகுந்து மறையும் கணம் உலகெங்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் சென்னையில் மணி என்ன, கிரீன்விச்சில் மணி என்ன என்று ஒப்பிட்டால் இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். வானமே இரண்டு ஊருக்கும் பொதுவான மணிக்கூண்டாக அமைந்தது எனலாம். சென்னை கிரீன்விச்சைக் காட்டிலும் 5 மணி 21 நிமிடம் முற்பட்டது என்பது இவ்வாறு நிலைபெற்றது. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்துத் தொடங்கிய மாபெரும் நில அளவையும் இந்நிலையத்தையே தன் தீர்க்கரேகைக்கு ஆதாரமாகக் கொண்டது. இந்தக் கோல்டிங்ஹாம் வேறொரு காரியமும் செய்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்ட பின், எத்தனை வினாடி கழித்து ஓசை கேட்கிறது என்று பல மாதங்கள் எண்ணி, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டு 1823இல் வெளியிட்டார். வெயில் மிகுந்த மாதங்களில் ஓசை விரைந்து வருவதையும் அவர் கண்டார். மின்னல் முன்னும் இடி பின்னும் வருவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சென்னைப் பீரங்கியைக் கொண்டே விளக்கலாம்.

இந்தியாவின் முதல் பயணி இரயில் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. 1854இல் ஹௌராவிலிருந்தும், 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்தும் இரயில்கள் புறப்பட்டன. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே ஓடிய வரையில் தொல்லை இல்லை. பாதைகள் நீண்டு ஒன்றையொன்று நெருங்கவே தொல்லை தொடங்கிற்று. 1870 மார்ச் மாதம் ஜபல்பூரில் பம்பாய்ப் பாதையும் கல்கத்தாப் பாதையும் கைகோத்தன. ஒரு முனையில் ஒரு மணி, மறு முனையில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலான மணி என்றால் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளை எந்த நிலையத்தில் நிறுத்தி விலக்குவது? எங்கள் தொழிலில் ஐந்து நிமிடத் தவறே உயிர் குடிக்கவல்லது. எனவே எல்லா இரயில்களுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்றாயிற்று. பம்பாய் நேரத்தைக் கொண்டால் கல்கத்தாவார் ஏற்கமாட்டார். கல்கத்தா நேரத்தைக் கொண்டால் பம்பாயார் ஏற்கமாட்டார். இரண்டுக்கும் நடுவே சென்னை இருந்தது. அங்கே நட்சத்திரம் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி, தந்தி வழியே நேரத்தை அனுப்பும் நிலையமும் இருந்தது. அன்று முதல் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள், பெஷாவர்ப் பக்கத்து வண்டியானாலும் வங்காளத்து வண்டியானாலும் கால அட்டவணையில் அச்சான மணி சென்னை மணியே.

அந்த மணியைக் காத்தவர்களுள் ஒருவரை நாம் மறக்கலாகாது. 1861 முதல் 1891 வரை நிலையத்தின் தலைவராக இருந்தவர் போக்ஸன் துரை. அவரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1872இல் இங்கிலாந்தின் இராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானவர். 1874இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு இந்திய மொழிகளில் நூல் எழுதினார். திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டவரும் அவரே. இத்தகையவரின் பெயர் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லாதது எனக்கு வருத்தமே.

சென்னை மணியால் நகரவாசிகளுக்கு நேர்ந்த அனுபவம் சுவையானது. அட்டவணையில் எட்டு மணி என்றிருந்தால், கல்கத்தாவில் ஊர்க் கடிகாரப்படி அது 8.32. அதை அறியாதவர் அரை மணி முன்னதாக வந்து நிலையத்தில் காத்திருப்பார், நட்டம் அவ்வளவே. பம்பாயிலோ அதே எட்டு மணி ஊர்க் கடிகாரப்படி 7.30. அங்கே அறியாதவருக்கு வண்டியே போய்விடும்! பம்பாயார் சென்னை நேரத்தின்மீது கொண்ட கோபத்திற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது அடியேனின் ஊகம். 1881இல் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்குஸன் பம்பாய் நகர் முழுவதும் சென்னை நேரத்தையே கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். நகரத்தார் கிளர்ந்தெழுந்தனர். பிரேம்சந்த் ராய்சந்த் தம் தாயார் பெயரால் அளித்த பொருளைக் கொண்டு 1878இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜாபாய் மணிக்கூண்டு பல்கலைக்கழகத்தின் வசம் இருந்தது. அது பம்பாய் நேரத்தையே காட்டும் என்று பல்கலைக்கழகம் உறுதியாக நிற்கவே, இரவில் அக்கடிகாரத்துக்கு விளக்கேற்றும் செலவைத் தர இயலாது என்று அரசாங்கம் கைவிரித்தது. இறுதியில் 1883இல் உத்தரவுதான் திரும்பப் பெறப்பட்டது.

1884இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு கிரீன்விச்சை உலகிற்குப் பொதுத் தொடக்கமாக ஏற்றது. 5 மணி 21 நிமிடம் என்ற சில்லறைக் கணக்கு அதனோடு ஒட்டவில்லை. ஆகவே மிர்ஸாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு, கிரீன்விச்சுக்குச் சரியாக ஐந்தரை மணி முற்பட்ட நேரம் வகுக்கப்பட்டது. 1906 ஜனவரி முதல் நாள் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. சென்னையார் தம் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டனர். பம்பாய்க்கோ 39 நிமிடம். விடியுமுன் எழுந்து ஆலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது வெறும் எண் அன்று. இருட்டில் நடக்க வேண்டிய தூரம். அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆலைத் தொழிலாளர் எதிர்ப்புக் காட்டினர். நகராட்சியும் தன் கடிகாரங்களில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. வங்கப் பிரிவினை நிகழ்ந்த சூட்டில், அந்நிய அரசாங்கம் சூரியனையும் நகர்த்துகிறதா என்ற உணர்ச்சி மக்களிடையே எழுந்ததில் வியப்பில்லை. கல்கத்தா தன் பழைய நேரத்தை 1948இல்தான் விட்டது. பம்பாய் 1955 வரை விடவில்லை. இதற்கிடையே உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாடு முழுவதும் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டிருந்தன.

பிரச்சினை இன்னும் முற்றும் தீர்ந்தபாடில்லை. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் நேரம்' என்று, பொது நேரத்திற்கு ஒரு மணி முற்பட்ட கணக்கு வழங்கி வருகிறது. கீழ்த்திசை மாநிலங்களுக்குத் தனி நேரம் வேண்டுமென்ற கோரிக்கையும் நெடுநாளாக உண்டு. நாட்டின் நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்து வரும் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அறிஞர்கள் 2018இல் அதற்கொரு திட்டம் தந்தனர். வங்கத்துக்கும் அஸ்ஸாமுக்கும் இடையே நேர எல்லையை அமைத்தால், நியூ கூச்பிகார், அலிப்பூர்துவார் ஆகிய இரு நிலையங்களில் மட்டும் இரயில்கள் மணியை மாற்றிக்கொண்டால் போதும் என்றனர். நடுவணரசு அதை ஏற்கவில்லை. இரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் நிம்மதியே. ஜபல்பூரில் 1870இல் முடிந்த தலைவலியை மீண்டும் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? ஆயினும் காலை நாலரைக்கே விடிந்துவிடும் ஊரில் பத்து மணிக்கு அலுவலகத்தைத் திறந்து, மாலையில் மின்விளக்கில் வேலை வாங்குவது நியாயமன்று. கடிகாரத்தைத் தொடாமல் அலுவலக நேரத்தை முன்னே வைக்கலாம். தோட்டத்தார் செய்வதும் சாரத்தில் அதுவே.

முடிவாக, நமது சங்கத்துப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றுக்கும் விடை கூறிவிடுகிறேன். சென்னையில் அச்சான நாட்காட்டியில் திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு, பகலை எட்டாகப் பகுத்த கணக்கு அது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் நம்புகிறவர் உதயத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். ஜூன் மூன்றாம் வாரத்தில் கல்கத்தாவில் உதயம் 4.53, அஸ்தமனம் 6.24. பகல் பதின்மூன்றரை மணி. எட்டில் ஒரு பங்கு ஒரு மணி 41 நிமிடம். திங்களன்று இரண்டாம் பங்கு இராகு காலமாதலால், அது காலை 6.34க்குத் தொடங்கி 8.15க்கு முடிந்துவிடும். எட்டேகால் மணிக்குப் பின் தாராளமாகப் புறப்படலாம்.