கிளை பிரிவதும் கூடுவதும்

மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் குப்பம், குடுபல்லி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சொற்களைக் கொடுத்தும் வாங்கியும் வாழ்கின்றன. மொழிக்குடும்ப மரத்தில் இக்கொடுக்கல் வாங்கலை வரைய இடமில்லை. அதில் கிளைகள் பிரியுமேயன்றிக் கூடா. இக்குறையை நோக்கியே யோகன்னஸ் ஷ்மிட் 1872இல் அலைக் கொள்கையை முன்வைத்தார். நூறாண்டு கடந்து, நிரல்களின் வரலாற்றைப் பதிந்தோரும் இதே சிக்கலில் வந்து நின்றனர்.

வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை, வரலாற்றை எண்ணிலேயே எழுதிக் காட்டியது. 1.3 என்னும் பதிப்பிலிருந்து பிரிந்த கிளையின் முதற்பதிப்பு 1.3.1.1. எண்ணைக் கண்டாலே தாய் தெரியும், அழகிய ஏற்பாடுதான். ஆனால் இரு கிளைகள் பின்னர்க் கூடியதை அவ்வெண் உரைக்காது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், ஒவ்வொரு கமிட்டிலும் அதன் பெற்றோரின் அடையாளத்தைப் பொதிந்து வைத்தது. இணைப்புக் கமிட்டுக்குப் பெற்றோர் இருவர்; சிலவேளை அதற்கும் மேல். பதிவு செம்மையாயிற்று, படிப்பதோ கடினமாகவே இருந்தது. நாள்வரிசைப் பட்டியலில் ஒரே வாரத்தில் இருவர் செய்த பணிகள் சீட்டுக்கட்டுப்போல் கலந்து கிடந்தன. அந்நாள்களும் அவரவர் கணினிக் கடிகாரம் சொன்னவையே.

2008இல் முனையத்திலேயே வரையப்படும் எழுத்துவரைபடம் கிட்டில் சேர்ந்தது: கமிட்டுக்கு உடுக்குறி, தொடர்ச்சிக்கு நிமிர்கோடு, பிரிவுக்கும் கூடலுக்கும் சாய்கோடு. கோடுகளைப் பாராட்டுவோர் பலர். உண்மையான சிறப்பு அதன் வரிசைமுறையில் உள்ளது. பிள்ளைகள் அனைவரையும் காட்டி முடிக்குமுன் பெற்றோரை அது காட்டாது. ஒரு கிளையின் கமிட்டுகளை மற்றொன்றினுள் செருகாது. காலத்தை விட வழிமரபுக்கே முதலிடம்.

கிளைகள் பெருகினால் இவ்வரைபடமும் சிக்கெடுக்காத நூற்கண்டாகிவிடும். அப்போது இரண்டு வழிகள் உண்டு. இணைப்பு தோறும் முதற்பெற்றோரை மட்டும் பின்தொடர்ந்து படிப்பது ஒன்று. இதில் சுருங்குவது காட்சி மட்டுமே. கமிட்டுகளைப் புதிய அடித்தளத்தின்மேல் மீண்டும் எழுதும் ரீபேஸ் மற்றொன்று. இதில் மாறுவது வரலாறே. வெளியிடாத வரைவுகளில் இதனால் தீங்கில்லை. பிறர் பெற்றுக்கொண்ட வரலாற்றை இவ்வாறு திருத்தலாகாது என்று லினக்ஸ் கருநிரல் பராமரிப்பாளர்களை டோர்வால்ட்ஸ் பலமுறை எச்சரித்தார். நேர்கோட்டின் தெளிவு கண்ணுக்கு இனியது. எனினும் ஒருவர் எந்த அடித்தளத்தின்மேல் எழுதிச் சோதித்தார் என்னும் செய்தி அதில் அழிந்துபோகிறது. பின்னாளில் பிழையின் பிறப்பிடம் தேடுபவர், எவருமே இயக்கிப் பார்த்திராத ஒரு கமிட்டின்முன் போய் நிற்க நேரும்.