தோட்டத்து வாழ்வில் பஞ்சசீலமும் விழிப்புணர்வும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சிரம்பான், நீலாய் பக்கம் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. வேலை மாறினாலும் கடன், குடி, அக்கம்பக்கச் சண்டை ஆகியவை மாறவில்லை. இவற்றுக்கு நடுவே மனத்தைக் காக்கப் பௌத்தம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று சீலம், அதாவது ஒழுக்கம். மற்றொன்று, பாலி மொழியில் 'ஸதி' எனப்படும் விழிப்புணர்வு.

உழைக்கும் தமிழருக்கு இது புதியதன்று. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். பின்னர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த தமிழரிடையே இந்த இயக்கம் வேரூன்றியது. நம் முன்னோர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து ஒழுக்கங்களே பஞ்சசீலம். கொலை, களவு, முறைகேடான காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குவது அது. கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைக் கரைத்தன என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மது மற்ற நான்கு ஒழுக்கங்களையும் காக்கும் நிதானத்தைக் குலைக்கிறது. அதனால்தான் அதுவும் இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை தீவினைகளைப் பத்தாக வகுக்கிறது. உடலால் வருபவை 3, சொல்லால் வருபவை 4, மனத்தால் வருபவை 3. பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாப் பேச்சு ஆகிய நான்கும் சொல்லால் வருபவை. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் பெரும்பாலான சண்டைகள் இந்த நான்கில் ஒன்றிலிருந்தே மூளும்.

விழிப்புணர்வு என்பது செய்யும் காரியத்திலேயே மனம் நிற்பது. பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். செம்பனைக் குலை வெட்டும்போது கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கவனத்தை மனத்தின் பக்கமும் திருப்புவதே பயிற்சி.

இதற்குத் தனி இடமோ நேரமோ வேண்டியதில்லை. நடக்கும்போது நடையையும், உட்காரும்போது மூச்சையும் கவனிக்கலாம். கோபம் எழும்போது, 'இதோ கோபம் வருகிறது' என்று உள்ளுக்குள் அறிந்துகொண்டு, மூன்று மூச்சு விட்ட பிறகு பேசலாம். கோபம் உடனே மறையாது. ஆனால் கைநீட்டாமலும் வாய்தவறாமலும் இருக்க அந்த இடைவெளி உதவும்.

பொறுமை என்பது அநியாயத்தைச் சகித்துக் கிடப்பதன்று. பௌத்த ஒழுக்கத்தைப் போதித்த அயோத்திதாசரே ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கும் உரிமைக்கும் வாழ்நாள் முழுதும் குரல் கொடுத்தவர். சம்பளத்தில் குறையிருந்தால் தொழிற்சங்கத்திடம் முறையிட வேண்டும். நிதானத்தோடு முறையிடுபவரின் சொல்லுக்கு வலு அதிகம்.

மாதக் கடைசியில் கையில் காசில்லாத நாளில், பிள்ளை எதையோ கேட்டு அடம்பிடிக்கும்போது அப்பா குரல் உயர்த்தாமல் பதில் சொன்னால், அதுவும் சீலமே.