காணாமையும் இன்மையும்: இளம்பிள்ளைச் சேலை வியாபாரத்தை முன்னிட்டு இணையதளக் கணிப்பு பற்றிய ஓர் ஆய்வு

கஞ்சமலையை அடுத்து, சேலம் மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்றாக விளங்கும் இளம்பிள்ளையின் சேலை வியாபாரம், தறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வெளியூர் மொத்த வியாபாரிக்கும் சரக்கு செல்லும் பழைய கிரமத்தைக் கைவிடாமலே, கைபேசி வழியாக வாங்குவோரை நேரே சென்றடையும் புதியதொரு கிரமத்தையும் சென்ற சில ஆண்டுகளில் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சேலையை விரித்து, பார்டரையும் முந்தியையும் காட்டி, விலையைச் சொல்லி, முடிவில் வாட்ஸ்அப் எண்ணையும் கூறும் யூடியூப் காட்சிகளைக் காணாதவர் இன்று அரியர். பார்த்தவர் ‘இந்த நிறம் இருக்கிறதா’ என்று செய்தி அனுப்புகிறார்; பணம் யுபிஐ வழியே வந்து சேருகிறது; சேலை கூரியரில் புறப்படுகிறது. இவ்வியாபாரத்தில் கடையின் இணையதளம் வகிக்கும் ஸ்தானம் சற்று விசித்திரமானது. சேலையைத் தேர்ந்தெடுப்பதும் சந்தேகம் கொள்வதும் அங்கே நடக்கின்றன. பேரம் பேசுவதும் வாங்குவதும் பெரும்பாலும் வேறிடத்தில் நடக்கின்றன. இத்தகைய தளத்திற்கு வருவோரைக் கணிக்கும் சாதனங்கள் தரும் கணக்கு பொய்க்கணக்கன்று. எனினும் அது வேறொரு வகை வியாபாரத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட கணக்காதலின், அதனை அப்படியே ஏற்பவர் தம் வாடிக்கையாளரையே இல்லாதவராகக் கருத நேரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அக்கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். தொடக்க காலத்தில் செர்வர் தானே எழுதிவைத்த லாக் கோப்புகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அக்கோப்பில் பக்கமும், பக்கத்திலுள்ள ஒவ்வொரு படமும் தனித்தனி வேண்டுகோளாகப் பதிவாகுமாகையால், பதினைந்து சேலைப் படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலும் பதினாறு ‘ஹிட்’ என்று கணக்காயிற்று. அந்த எண்ணைக் காட்டிப் பெருமை பேசியோர் அந்நாளில் பலர். வந்தவரே மீண்டும் வந்தாரா என்பதை அறிய உதவிய குக்கீயை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி 1994இல் உருவாக்கினார். லாக் கோப்புகளைத் தொகுத்துக் காட்டும் ‘அனலாக்’ என்னும் நிரலைக் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 1995இல் வெளியிட்டார். பின்னர் 2005 ஏப்ரலில் கூகுள் ‘அர்ச்சின்’ நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் என்ற பெயரில் அதன் சாதனத்தை இலவசமாக அளித்தபோது, அதுவரை பெரும்பாலும் பெருநிறுவனங்களுக்கே கிட்டிவந்த கணிப்பு, சிறு கடைக்காரருக்கும் கைக்கெட்டியது. இலவசமாக வந்த சாதனத்தோடு, வருகிறவர் பக்கம் பக்கமாகச் சென்று, பொருளைக் கூடையில் இட்டு, அட்டையால் பணம் செலுத்தி, ‘நன்றி’ என்னும் பக்கத்தில் தம் பயணத்தை முடிப்பார் என்ற கற்பனையும் உடன் வந்தது. அந்தக் கற்பனை மேலைநாட்டு இணையக் கடைக்குப் பொருந்தும்.

இளம்பிள்ளைக்கு அது எவ்வாறு பொருந்தாமற் போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2023 ஜூலை 1ஆம் நாள் வரை வழக்கிலிருந்த, கூகுள் அனலிடிக்ஸின் முந்திய பதிப்பான யுனிவர்சல் அனலிடிக்ஸ், ஒரு பக்கத்தில் ஒருவர் கழித்த நேரத்தை, அவர் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து முந்திய பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழித்தே கண்டுபிடித்தது. அடுத்த பக்கத்தைத் திறவாதவருக்குக் கழிப்பதற்கு எண்ணே இல்லை. ஆகவே, ஒரு சேலையின் படத்தை ஐந்து நிமிஷம் கூர்ந்து நோக்கி, வீட்டாரிடமும் காட்டி, பக்கத்தில் கண்ட எண்ணுக்குப் போன் செய்து அச்சேலையை வாங்கிய பெண்மணி, அச்சாதனத்தின் கணக்கில் பூஜ்ய விநாடி தங்கி, ஒன்றும் செய்யாமல் திரும்பியவராக, ‘பவுன்ஸ்’ என்ற இழிவான பட்டியலிற் சேர்க்கப்பட்டார். கடையின் சிறந்த வாடிக்கையாளரே கணக்கில் கடைசியானார்! அதற்குப் பின் வந்த புதிய பதிப்பு, பக்கம் கண்முன் இருந்த நேரத்தை நேராகவே அளக்கிறது. பத்து விநாடிக்கு மேற்பட்ட வருகையை ஈடுபாடுள்ள வருகையாக மதிக்கிறது. வாட்ஸ்அப்புக்குச் செல்லும் இணைப்பை அழுத்துவதையும் வெளிச்செல்லும் சொடுக்காகக் குறித்துவைக்க வல்லது. இவை யாவும் நல்ல திருத்தங்களே. ஆனால் அந்தச் சொடுக்குதான் இக்கடையின் முக்கிய நிகழ்வு என்று உரிமையாளர் தாமே அறிவித்தாலன்றி, அது பத்தோடு பதினொன்றாகவே கிடக்கும். எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு மறுநாள் அழைப்பவரோ எந்தப் பதிப்பிலும் அகப்படார்.

இங்கே தர்க்க நூலார் ஆராய்ந்த ஒரு விஷயம் நமக்குப் பெரிதும் பயன்படும். மணிமேகலையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று; மீமாம்சகருள் குமாரில பட்டரின் மரபினர், இன்மையை அறிவிக்கும் அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாகவே கொண்டனர். ஆயினும் காணாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகிவிடாது. இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி உடைய பொருள் காணப்படாதபோதுதான் அது இல்லை என்று நிச்சயிக்கலாம். வெளிச்சத்தில் தரையைப் பார்த்து ‘குடம் இல்லை’ எனலாம், இருளில் அவ்வாறு சொல்ல நியாயமில்லை. இணையதளக் கணிப்பின் அறிக்கையில் தோன்றும் ஒவ்வொரு பூஜ்யத்தையும் இந்தத் தகுதி கொண்டே சோதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு பக்கத்தை ஒருவரும் திறக்கவில்லை என்று அறிக்கை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். திறந்திருந்தால் அது பதிவாகியிருக்கும். ஒருவரும் வாங்கவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு இடமில்லை. வாங்குதல் நிகழும் இடத்தில் அச்சாதனத்திற்குக் கண்ணே கிடையாது.

எனவே செய்யத்தக்கது, கண்ணில்லாத இடத்தையும் கண்ணுள்ள இடத்தையும் இணைப்பதாகும். வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதிவைக்க இயலும். சேலையின் டிசைன் எண்ணும், அது எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தப்பட்டது என்பதைக் காட்டும் சிறு குறியும் அச்செய்தியில் இருக்குமானால், வாடிக்கையாளர் அனுப்பும் முதற்செய்தியே தளத்திற்கும் கடையின் ஆர்டர் பேரேட்டிற்கும் இடையே பாலமாகிவிடும். ஆர்டர் எழுதுபவர் அக்குறியையும் உடன் எழுதிக்கொண்டு வந்தால், எந்தப் பக்கம் வெறும் பார்வையைத் தந்தது, எது விற்பனையைத் தந்தது என்பது மாத முடிவில் துலங்கும். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

பேரேடு கையில் இருந்தாலும் ஒப்பிடும் காலம் பிழைத்தால் முடிவு பிழைபடும். சாதனம் இயல்பாக இம்மாதத்தைச் சென்ற மாதத்தோடும், இவ்வாண்டைச் சென்ற ஆண்டின் அதே தேதிகளோடும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. சேலை வியாபாரமோ பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் தேதியும், 2024இல் அக்டோபர் 31ஆம் தேதியும், 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியும் வந்தது. 2025 நவம்பர் முதல் வாரத்தை 2023 நவம்பர் முதல் வாரத்தோடு ஒப்பிட்டு வருகை சரிந்தது என்று வருந்துபவர், பண்டிகை கழிந்த வாரத்தைப் பண்டிகைக்கு முந்திய வாரத்தோடு நிறுத்துப் பார்த்தவரே ஆவார். தீபாவளிக்கு இத்தனை நாள் முன்பு, முகூர்த்த மாதம், மார்கழி என்று தம் வியாபாரத்தின் காலத்தை வைத்தே அட்டவணை அமைப்பதுதான் பொருத்தம். எண்கள் சிறியனவாயின் இன்னும் அடக்கம் வேண்டும்: ஒரு பக்கத்தைக் கண்ட நூறு பேரில் இருவரும், மாற்றியமைத்த பக்கத்தைக் கண்ட நூறு பேரில் நால்வரும் ஆர்டர் தந்தால், விற்பனை இருமடங்காயிற்று என்று கொண்டாட இயலாது; அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடியது.

‘பயனர்’ என்ற எண்ணும் மனிதரை எண்ணுவதன்று, பிரௌசரை எண்ணுவது. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே தளத்தைத் திறந்த பெண்மணி, மறுநாள் குரோமில் திறந்தால் இருவராகிறார். வீட்டிலிருந்தபடி மறுவிற்பனை செய்யும் ‘ரீசெல்லர்’ ஒருவரோ, தம் குழுவிலுள்ள பலருக்காகப் பார்த்தும் ஒருவராகவே நிற்கிறார். ஐபி முகவரியைக் கொண்டு ஊகிக்கப்படும் ஊர்ப்பெயரும் இத்தகையதே. நாமக்கல்லில் கைபேசியில் பார்ப்பவர் சென்னைக் கணக்கில் விழுவதுண்டு.

தளத்தின் வேகம் பற்றிய அளவைகள் இவற்றினும் உறுதியானவை. பக்கத்தின் மிகப்பெரிய பகுதி கண்ணுக்குத் தோன்ற 2.5 விநாடிக்கு மேல் ஆகலாகாது, அதுவும் நான்கில் மூன்று பங்கு வருகைகளிலாவது நிறைவேற வேண்டும் என்று கூகுள் வகுத்த வரம்பு நியாயமானதே. கைபேசியில் எடுத்த சேலைப் படங்கள் ஒவ்வொன்றும் சில மெகாபைட் இருக்க, அவற்றைச் சுருக்காமலே பக்கத்தில் அடுக்கிய தளம் அவ்வரம்பை எங்ஙனம் எட்டும்? ஆனால் சுருக்குவதிலும் இடர் உண்டு. மிகுதியாகச் சுருக்கினால் மயில்கழுத்து நிறத்தின் இரட்டைச் சாயல் மங்கி, ஜரிகை வெறும் மஞ்சளாகிவிடும். பக்கம் விரைவாகத் திறக்கும், சேலையோ ‘படத்தில் கண்ட நிறம் இல்லை’ என்று திரும்பி வரும். வேகத்தை அளக்கும் சாதனம் திரும்பி வந்த சேலையைக் காண்பதில்லை. பட்டியலில் இலேசான வெப்பி வடிவப் படத்தையும், விரும்பித் தொடுவோருக்கு மட்டும் பெரிய படத்தையும் வைத்து, பெரிய படத்தைத் திறந்தவருள் எத்தனை பேர் வாட்ஸ்அப்புக்குச் சென்றனர் என்று பார்ப்பதே இரு நன்மைகளையும் ஒருங்கே காக்கும் வழி.

தலைமுறையாக வியாபாரம் செய்பவருக்கு வாடிக்கையாளரின் ருசி தெரியாதா, இக்கணக்கு எதற்கு என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். எதிரே அமர்ந்து சேலையைத் தொட்டுப் பார்ப்பவரைப் பற்றி அந்த அனுபவ ஞானம் மிக நம்பத்தக்கது. வாங்காமல் மௌனமாகத் திரும்பிப் போன அயலூராரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எந்தப் பக்கத்தோடு திரும்பிப் போய்விட்டார்கள் என்பவற்றைத்தான் சாதனம் சொல்கிறது.

பேரேட்டையும் தளத்தையும் இணைக்கும்போது எச்சரிக்கை ஒன்று வேண்டும். தொலைபேசி எண்ணைப் போன்ற தனிநபர் அடையாளங்களைத் தன் கணிப்புச் சாதனத்திற்கு அனுப்பலாகாது என்று கூகுளின் விதிகளே தடுக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, இத்தகைய தரவை உரியவரின் ஒப்புதலையும் கூறிய நோக்கத்தையும் பொதுவிதியாகக் கொண்டு கையாளச் சொல்கிறது. மேலே கூறிய ஏற்பாட்டிற்கு அத்தகைய தரவு தேவையுமில்லை: டிசைன் எண்ணும் பக்கக் குறியும் தளத்திலிருந்து பேரேட்டிற்கு வரட்டும், வாங்கியவரின் பெயரும் எண்ணும் பேரேட்டிலேயே இருந்துவிடட்டும்.