ஓநாயும் மூக்கனும்



பிசிராந்தையாரைப் பற்றி வகுப்பிலே சொல்லத் தொடங்கினால் பின்வாங்கில் ஒரு சிரிப்பு எழும். ஆந்தை என்று ஒரு புலவரா? ஆதன் தந்தை என்பதே ஆந்தை என மருவியது. அதற்குத் தொல்காப்பியத்தில் விதியே உண்டு. பறவைக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்றதும் பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

ஆனால், மெய்யாகவே விலங்கின் பெயரைத் தாங்கியவர்கள் உளர். நம்மிடையே நாகம் அவ்வாறானது. மருதன் இளநாகனார் சங்கப் புலவர். இளநாகன் என்றே ஓர் அரசன் கி.பி. முதலாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்டான். நாகம்மாமார் இன்றும் எல்லப் பகுதி மலைகளிலே கொழுந்து பறிக்கிறார்கள்.

ருஷ்யரிடத்தில் இது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. வோல்க்கோவ் என்றால் ஓநாயின் வழிவந்தவன்; கொஸ்லோவ், ஆட்டுக்கடாவின் வழிவந்தவன்; மெத்வெதேவ், கரடியின் வழிவந்தவன். கரடியைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கே 'தேனுண்பான்' என்றுதான் பொருள். மெய்ப்பெயரைச் சொல்ல அஞ்சி வைத்த மாற்றுப்பெயர் அது என்பர் மொழியறிஞர். இரவிலே பாம்பைப் 'பூச்சி' என்கிற நமக்கு இது விளங்கும். தகப்பனுக்கு ஓநாய் என்ற பெயர் இருக்க, மகன் 'ஓநாயினுடையவன்' ஆனான். பின்பு பரம்பரைக்கே அது ஒட்டிக்கொண்டது. குடியானவர் பலருக்கு 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பின்னரே இப்பெயர்கள் ஏட்டில் ஏறின.

பெற்ற பிள்ளைக்கு ஓநாய் என்று ஏன் பெயரிட வேண்டும்? செர்பிய மொழிக்கு 1818இல் அகராதி தந்த வூக் கரஜிச்சின் கதையே விடை. வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. சூனியக்காரிகள் தின்றுவிடுகிறார்கள் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஓநாயை அவர்கள் தீண்டார் என்று 1787இல் பிறந்த இவருக்கு அப்பெயரை வைத்தார்கள்.

நம் தாய்மாரும் இதே அச்சத்தோடு வேறு வழியை நாடினார்கள். காலனை மிரட்டவில்லை; முகஞ்சுளிக்க வைத்தார்கள். குப்பையில் புரட்டி எடுத்தால் குப்பன். தவிட்டுக்கு விற்று மீட்டால் தவிடன். மூக்குக் குத்தினால் மூக்கன்.

நமது வழக்கில் தந்தை பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும், பேரனோடு உதிர்ந்துவிடும். தோட்டத்திலோ உதிர்ந்த பெயரையும் தேட வேண்டி வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் தம் வதிவை நிரூபிக்கப் பழைய பதிவுகளைத் தேடினார்கள். செக்ரோலில் மூக்கன், பிறப்பு அத்தாட்சியில் முத்தன் என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று எப்படிக் காட்டுவது? எழுதியவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

என் வகுப்பில் ஒரு மாணவன் தந்தை பெயரை 'மூ.' என்ற எழுத்துக்கு மேல் எழுதமாட்டான். கேட்டால் தலைகுனிவான். வூக்கின் கதையைச் சொன்ன மறுநாள் என்னிடம் வந்தான்.

"அப்பாவுக்கு முன்னாடி மூணு பிள்ளைங்க தங்கலையாம் சேர். அப்பாயிகிட்ட நேத்துத்தான் கேட்டேன்."