சந்தனத்தில் சோப்பு வாசனை!

சென்ற கோடை விடுமுறைக்குப் பேரன் புனேயிலிருந்து மைசூர் வந்திருந்தான். ராமாபுரத்தில் எங்கள் அகத்துப் பூஜை அறையில் நான் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினான். "தாத்தா, கல்லுல சோப்பு தேய்க்கறயா? சோப்பு வாசனை வரதே!" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால், குழந்தை மேல் என்ன தப்பு? எலுமிச்சை என்றால் அவனுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மல்லிகை என்றால் துணி துவைக்கும் பவுடர். ரோஜா என்றால் குளியலறையில் தொங்கும் வில்லை. லாவண்டர் என்றால் தரை துடைக்கும் பினாயில். அந்தப் பூவை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம்? இப்போது குப்பைக்கூடைக்குள் போடும் பையிலும் வாசனை வந்துவிட்டது. குப்பைக்குப் போகிற பைக்கு எதற்கு ஐயா பரிமளம்?

ஆனால் பேரன் சொன்னதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதுவும் எங்கள் மைசூர்ச் சரித்திரம்.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ விருட்சமாக அறிவித்தார். பின்னால் வந்த ஆட்சிகளும் அந்த உரிமையை விடவில்லை. தன் நிலத்தில் தானாக முளைத்த மரமானாலும் சொந்தக்காரர் அதைத் தொட முடியாது. கட்டைகளை அரசாங்கம் ஏலத்தில் விற்கும். அதில் பெரும் பகுதி ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குப் போய், அங்கே எண்ணெயாகும். 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது, கப்பல் நின்றது. கிடங்கில் கட்டை குவிந்தது, கஜானாவில் வருமானம் குறைந்தது.

அப்போது மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. கட்டையை வாங்க ஆள் இல்லையென்றால் எண்ணெயை நாமே எடுப்போம் என்று முடிவு செய்தார்கள். தொழில் இலாகா டைரக்டர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முன்னின்றார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் வழிமுறையை வகுத்துக் கொடுத்தார்கள். 1916இல் எண்ணெய் வடிப்பு தொடங்கியது. மைசூரிலும் ஆலை எழுந்தது. மரத்தின் வைரத்தையும் வேரையும் தூளாக்கி நீராவி பாய்ச்சினால் எண்ணெய் பிரிந்து வரும். நல்ல வைரத்தில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்குதான் எண்ணெய்.

அடுத்தது சோப்பு. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற ரசாயன நிபுணர் இங்கிலாந்து போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1918இல் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலை உருவானது. நீள்வட்ட வில்லை, நகைப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டி, சிங்க உடலும் யானைத் தலையுமாகச் சரபச் சின்னம் என்று மைசூர் சாண்டல் சோப் நம் எல்லோர் அகத்துக்கும் வந்து சேர்ந்தது. 2006இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, எங்கோ ஐரோப்பாவில் வெடித்த பீரங்கிதான் சந்தனத்தைப் பூஜை அறையிலிருந்து ஸ்நான அறைக்கு அனுப்பியது. பேரனின் மூக்கு அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லியிருக்கிறது!

ஊதுவத்தியும் எங்கள் ஊர்ப் பெருமைதான். மைசூர் அகர்பத்திக்கு 2005இலேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. 1948இல் இங்கே தொழில் தொடங்கிய என். ரங்கராவ், தம் சரக்குக்கு 'சைக்கிள்' என்று பெயர் வைத்தார். பாமரரும் அறிந்த வண்டி. எந்த பாஷையிலும் சொல்லலாம். பழைய நாளில் மட்டிப்பால், சந்தனத்தூள், சாம்பிராணி எல்லாம் சேர்த்துப் பிசைந்து வத்தி உருட்டுவார்கள். இப்போது கரித்தூள் வத்தியைச் செயற்கை வாசனைத் திரவத்தில் முக்கி எடுப்பதே அதிகம்.

நான் பி.எஸ்ஸி.யில் ரசாயனம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷம் ஃபைல்களின் வாசனையிலேயே கழிந்தது என்றாலும், படித்தது கொஞ்சம் நினைவிருக்கிறது. பைன் மரத்துப் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுக்கிறார்கள். அதில் பைனீன் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வழியில் போனால் நாம் ஆரத்தி காட்டும் கற்பூரம். இன்னொரு வழியில் போனால் செயற்கைச் சந்தன மணம். மூன்றாவது வழியில் போனால் பினாயிலில் கலக்கும் பைன் எண்ணெய். பூஜை அறைக்கும் கழிப்பறைக்கும் ஒரே பிறந்தகம்! மடி ஆசாரம் பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைக் கோபிக்க வேண்டாம்.

விளையாட்டாகவே எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். 2021இல் கொரோனா இரண்டாவது அலையில் என் அகத்துக்காரிக்கு ஜுரம் வந்து போனது. கூடவே வாசனை அறியும் சக்தியும் போனது. ஒரு நாள் காலை அடுப்பில் பால் பொங்கி ஜ்வாலை அணைந்துவிட்டது. காஸ் கசிந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த எனக்கும் உடனே தெரியவில்லை. காரணம், சற்றுமுன் நானே அடித்த ரோஜா ஸ்ப்ரே; அதற்கு மேல் இரண்டு ஊதுவத்தி. ஏதோ உறுத்தி எழுந்துபோய்க் குமிழைத் திருகி, ஜன்னலைத் திறந்தேன். வெகு நேரம் கை நடுங்கியது.

சமையல் வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். வீட்டில் வாசனை சேர்த்த பொருள்கள் இத்தனை இருந்தும், உயிரைக் காக்க வந்தது இந்த ஒன்றுதான். அதைப் போய் நான் ரோஜாவால் மூடி வைத்தேன்! இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரே வாசனை நீடித்தால் சில நிமிஷங்களில் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். நாமோ போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் அடிப்போம். சுத்தத்துக்கு வாசனை கிடையாது என்பதை மறந்தேபோனோம்.

டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் தினம் இரண்டு வேளை, நினைவோடு முகர வேண்டும். அவள் ஐந்தாவதாகச் சந்தனக் கல்லையும் சேர்த்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அரைத்துக்கொண்டே இருந்தவள், "ஏன்னா, என்னமோ லேசா வராப்பல இருக்கே" என்றாள். அவள் கண்ணில் ஜலம். மூக்கு முழுதாகத் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், லாவண்டர் பினாயிலை வாசலுக்கு வெளியே வைத்ததுதான்.

எங்கள் அகத்துச் சந்தனக் கட்டை என் அப்பா காலத்தது. தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. மரமும் அப்படித்தான். பிற மரங்களின் வேரை அண்டிப் பிழைக்கும் ஜாதி. நன்றாக வைரம் பாய முப்பது வருஷம் ஆகும். திருட்டு வெட்டிலும் நோயிலும் அழிந்து, அபாய நிலையில் உள்ள மரங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. கர்நாடகத்தில் 2001இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நிலத்துக்காரருக்கு மரம் சொந்தமாயிற்று.

பேரன் கிளம்பும் முன் அவன் கையாலேயே அரைக்கச் சொன்னேன். கால் மணி நேரம் அரைத்து ஒரு பொட்டு அளவு எடுத்தான். "இவ்வளவுதானா தாத்தா?" என்றான்.

"இவ்வளவுதான்டா" என்று சொல்லி, அதை அவன் நெற்றியிலேயே இட்டேன்.