மரமும் கல்லும் ஏடும்: அச்சில் வாழ்ந்த கையெழுத்து

அச்சு வந்ததும் கையெழுத்துக்கலை மறைந்தது என்பது பொதுவாக நிலவும் கருத்து. எல்லா எழுத்துக்கும் இது பொருந்தாது. எழுத்தின் வடிவமே அச்சின் முறையைப் பெரிதும் வரையறுத்தது என்பதை வரலாறு காட்டும்.

யப்பானுக்கு இயங்கும் அச்செழுத்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்றது. ஹொனமி கொயெற்சுவின் கையெழுத்தைத் தழுவிய சாகா நூல்களும் அம்முறையில் வெளிவந்தன. ஆயினும், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பதிப்பாளர் முழுப்பக்க மரப்பலகைக்கே மீண்டனர். தூரிகையெழுத்து ஒன்றோடொன்று தொடர்ந்தோடுவது. ஓவியத்தோடு ஒரே பக்கத்திற் கலந்து நிற்பது. எழுதிய மெல்லிய தாளைச் செரிமரப் பலகையிற் கவிழ்த்து ஒட்டி, கோட்டின் வழியே செதுக்குவர். எழுதியவர் கையின் ஓட்டம் இவ்வாறு அச்சிலும் நிலைத்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற உக்கியோயே ஓவியங்களும் இம்முறையிலேயே உருவாகின.

இதனையொத்த நிகழ்வு தமிழிலும் உண்டு. அறபு எழுத்தில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் இட்டு முஸ்லிம்கள் அறபுத்தமிழை வளர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் ஆக்கங்கள் ஈழத்திலும் பயிலப்பட்டன. தொடர்ந்தோடும் இவ்வெழுத்துக்கு ஈய அச்சு எளிதிற் பொருந்தவில்லை, கல்லச்சே பொருந்திற்று. நெய்ப்பசை மையால் எழுதியது கல்லிற் பதிய, நீர் பூசிய கல்லில் எழுத்து மட்டுமே அச்சுமையை ஏற்கும். கொழும்பில் 1869இல் வெளிவந்த 'அலாமத் லங்காபுரி' எனும் மலாய் இதழும் அறபு எழுத்திற் கல்லச்சிலேயே வந்தது.

தமிழெழுத்தோ தனித்தனியே நிற்பது. ஆகவே 1578இலேயே கொல்லத்தில் அச்செழுத்தை ஏற்றது. அதன் விளைவைக் கல்முனைக்குத் தெற்கே, தம்பிலுவிற் கண்ணகி கோவிலை உள்ளிட்ட கீழ்கரை வழிபாட்டு மரபிற் காணலாம். வைகாசிச் சடங்கிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையை ஏட்டிலே பெயர்த்தெழுதிக் காத்தனர். 1968இல் பண்டிதர் வீ. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்தமையாற் பாடல் பலர்க்கும் எட்டியது. ஆனால் பனையோலையிற் புள்ளியிடாது எழுத்தாணி கீறிய வரிவடிவமும், எழுதுவோர்தம் கைவேறுபாடும் அச்சுநூலில் இடம்பெறா.

நூல் அச்சேறியபின் ஏடு தேவையற்றது என எண்ணுதல் தவறு. அறபுத்தமிழ்க் கல்லச்சு நூலைத் தமிழெழுத்திற் பெயர்த்தபின் மூலத்தைக் கைவிடுதலும் அத்தகையதே. பாடம் பெயர்க்கத்தக்கது, கையெழுத்து பெயர்க்கத்தகாதது. அம்பாறைக் கரையில் அயலயலே வாழும் இரு சமூகத்தாரின் பெட்டகங்களிலும் எஞ்சியவற்றைப் பேணுதல், நூலைக் காப்பதோடு எழுதிய கையின் வரலாற்றையும் காப்பதாகும்.