பத்து பதினெட்டான கதை



அமெரிக்காவில் 'பிக் டென்' என்றொரு பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு உண்டு. தமிழில் சொன்னால் 'பெரிய பத்து'. ஆனால், அதில் இருப்பவை 18 பல்கலைக்கழகங்கள். 'பிக் 12' என்பது இன்னொரு கூட்டமைப்பு. அதில் இருப்பவை 16. 'அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு' என்று மூன்றாவது ஒன்று. அதிலோ பசிபிக் கடலோர மாநிலமான கலிபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள் உறுப்பினர்களாக இருக்கின்றன. கணக்கும் பொருந்தவில்லை, புவியியலும் பொருந்தவில்லை. கணக்கையும் புவியியலையும் கற்றுத்தரும் இடங்களில் இப்படி ஒரு குழப்பம் ஏன்?

பணம் பத்தும் செய்யும் என்பார்கள் நம் பெரியவர்கள். அமெரிக்காவில் அது பத்தைப் பதினெட்டாகவும் செய்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் அறிந்த காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதித் தள்ளியும் ஆடும் ஆட்டம் அது. அங்கே கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கவே ஒரு லட்சம் பேர் திரளுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 107,000 பேருக்கு மேல் அமரலாம். தொழில்முறை ஆட்டத்திற்கு இணையாகக் கல்லூரி ஆட்டமும் அங்கே ஒரு பெரிய வணிகம்.

பேராசிரியர்கள் தொடங்கிய சங்கம்

தொடக்கத்தில் அது வணிகமாக இல்லை. 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிகாகோ நகரின் ஒரு ஹோட்டலில் அமெரிக்க மத்திய மேற்கு வட்டாரத்தின் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அக்கூட்டத்திற்கு அழைப்பு விடுத்திருந்தார். மாணவர் அல்லாதவர்களைக் காசு கொடுத்து அழைத்து வந்து அணியில் ஆடவிடும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. படிக்காதவன் ஆடக்கூடாது, விளையாட்டின் கட்டுப்பாடு பேராசிரியர்களின் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மறு ஆண்டு 7 பல்கலைக்கழகங்களுடன் அமைப்பு உருவானது. அதுதான் பின்னாளில் 'பிக் டென்' ஆனது.

ஆக, கூட்டமைப்பு என்பது அக்கம்பக்கத்துக்காரர்களின் உடன்பாடு. ரயிலில் போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடும் தூரத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. நாடு முழுவதும் இதே முறையில் கூட்டமைப்புகள் பிறந்தன. டெக்சஸ் வட்டாரத்தில் 1914இல் தென்மேற்குக் கூட்டமைப்பு தோன்றியது. 1915 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் 4 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பசிபிக் கரைக் கூட்டமைப்பை அமைத்தன.

தொலைக்காட்சிக்குப் போட்ட பூட்டு

1950ஆம் ஆண்டுவாக்கில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. வீட்டில் உட்கார்ந்தே ஆட்டம் பார்க்க முடிந்தால் அரங்கிற்கு யார் வருவார்கள் என்று கல்லூரிகள் அஞ்சின. 'என்சிஏஏ' எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1951இல் ஒளிபரப்பைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. எந்த ஆட்டம், எத்தனை முறை, எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் அச்சங்கமே முடிவு செய்தது. எவ்வளவு புகழ்பெற்ற அணியானாலும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்றக்கூடாது என்பது பிந்தைய விதி.

பெரிய அணிகளுக்கு இது பிடிக்குமா? பிடிக்கவில்லை. 1981இல் ஒரு வார இறுதியில் ஓக்லஹோமா அணியும் தென் கலிபோர்னியா அணியும் மோதிய ஆட்டம் 200க்கும் அதிகமான நிலையங்களில் ஒளிபரப்பானது. அதே வார இறுதியில் சிட்டடெல், அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற இரு சிறிய கல்லூரிகளின் ஆட்டம் வெறும் 4 நிலையங்களில் ஒளிபரப்பானது. ஆனால் நான்கு அணிகளுக்கும் கிடைத்த பணம் ஒன்றே!

பெரியவர்களின் கண்ணுக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. சிறியவர்களோ இதைப் பகிர்ந்துண்ணும் முறை என்றார்கள். ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுத்தன.

1984: பூட்டு உடைந்தது

1984ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்சிஏஏயின் ஏற்பாடு போட்டியைச் சட்டத்திற்குப் புறம்பாகத் தடுக்கிறது என்று 7 நீதிபதிகள் கூறினர், இருவர் மறுத்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். எதிர்த்து எழுதியவர் நீதிபதி பைரன் வைட். இந்த வைட் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். உச்ச நீதிமன்றத்தில் இந்த ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த அவர், கல்லூரி விளையாட்டைச் சாதாரண வணிகமாகக் கருதக்கூடாது, கட்டுப்பாடு நீங்கினால் கல்வியோடு அதற்குள்ள உறவு தளரும் என்று கருதினார்.

சட்டப்படி ஸ்டீவன்ஸ் வென்றார். யார் சொன்னது பலித்தது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கூட்டமைப்புகளுக்கும் வந்தது. உடனே பணம் கொட்டிவிடவில்லை. சந்தையில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் குவிந்ததால் விலை முதலில் இறங்கியது. விலையை உயர்த்த வேண்டுமானால் பெரிய அணிகள் ஒரே குடையின் கீழ் சேர வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பெற்றது. அண்டை வீட்டுக்காரர்களின் ஒழுங்குமுறைச் சங்கமாக இருந்த கூட்டமைப்பு, பேரம் பேசும் நிறுவனமாக மாறத் தொடங்கியது.

டெக்சஸில் சரிந்த முதல் வீடு

இந்த மாற்றத்திற்கு முதல் பெரிய பலி தென்மேற்குக் கூட்டமைப்பு. அதில் ஆர்கன்சா ஒன்றைத் தவிர மற்ற எட்டும் டெக்சஸ் மாநிலத்தில் இருந்தவை. ஆர்கன்சா 1990இல் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போக முடிவு செய்தது. எஞ்சியது ஒரே மாநிலத்தின் ரசிகர்கள் மட்டுமே. நாடு முழுவதும் விற்க வேண்டிய தொலைக்காட்சிக்கு அது போதவில்லை. 1994இல் டெக்சஸ் உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழகங்கள் வெளியேற முடிவெடுத்து, வடக்கே இருந்த எட்டுடன் சேர்ந்து 'பிக் 12' ஆயின. ரைஸ், ஹூஸ்டன் உள்ளிட்ட மற்ற நான்கும் வேறு கூட்டமைப்புகளுக்குச் சிதறின. 82 ஆண்டு பழைமையான அமைப்பு 1996இல் மறைந்தது.

ஆர்கன்சாவைச் சேர்த்துக்கொண்ட தென்கிழக்குக் கூட்டமைப்போ தன் 12 உறுப்பினர்களை இரண்டு பிரிவாக்கி, 1992இல் ஓர் இறுதியாட்டத்தை உருவாக்கியது. விற்பதற்குப் புதிதாக ஒரு சரக்கு! மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள்.

மாதச் சந்தாவின் கணக்கு

2007 ஆகஸ்டில் 'பிக் டென்' தனக்கென ஓர் ஒளிவழியைத் தொடங்கியது. இங்கேதான் கணக்கு நுட்பமாகிறது. கேபிள் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். அதில் ஒரு சிறு தொகை ஒவ்வொரு ஒளிவழிக்கும் போகிறது, அதை அவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். கூட்டமைப்பின் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் அந்தத் தொகையை உயர்த்திக் கேட்கலாம். ஆகவே புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது அணி எத்தனை ஆட்டம் வென்றது என்பதைவிட, பக்கத்தில் எத்தனை வீடுகளில் கேபிள் இருக்கிறது என்பது முக்கியமாகிவிட்டது.

2014இல் மேரிலண்ட், ரட்கர்ஸ் ஆகிய இரண்டும் 'பிக் டென்'னில் சேர்ந்தது இந்தக் கணக்கில்தான். ஒன்றின் அருகே வாஷிங்டன் தலைநகர். மற்றொன்றின் அருகே நியூயார்க்.

டெக்சஸ் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2011இல் இஎஸ்பிஎன் நிறுவனத்துடன் 20 ஆண்டுகளுக்கு 300 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் தனக்கு மட்டுமே ஓர் ஒளிவழி அமைத்துக்கொண்டது. கூட்டாளிகளுக்கு எரிச்சல். அதே மாநிலத்தின் டெக்சஸ் ஏ அண்ட் எம், மறு ஆண்டே தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறியது. 1894இல் தொடங்கிய அந்த இரு அணிகளின் மோதல் 2011உடன் நின்றுபோனது. மீண்டும் அவை சந்தித்தது 2024இல்தான். எப்படி? டெக்சஸும் அதே கூட்டமைப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது!

108 ஆண்டு உறவு

இனி, 1915இல் போர்ட்லண்டில் தோன்றிய பசிபிக் கூட்டமைப்புக்கு வருவோம். 1959இல் ஒருமுறை கலைந்து புதுப் பெயரில் கூடி, வளர்ந்து, 2011இல் 'பேக்-12' ஆனது. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து 500க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற அமைப்பு அது.

2012இல் அதுவும் சொந்த ஒளிவழிகளைத் தொடங்கியது. ஆனால், பெரிய ஊடக நிறுவனம் எதையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. டைரக்டிவி என்ற முக்கியத் துணைக்கோள் சேவையில் அதற்கு இடம் கிடைக்கவே இல்லை. பத்து ஆண்டுகளில் வருமான இடைவெளி விரிந்தது. 2023 நிதியாண்டில் 'பிக் டென்' உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 60 மில்லியன் டாலர் கிடைத்தது. பேக்-12 உறுப்பினருக்கு 34 மில்லியன்கூட இல்லை.

2022 ஜூன் 30ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான தென் கலிபோர்னியாவும் யுசிஎல்ஏவும் 'பிக் டென்'னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் 'பிக் டென்', ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நிறுவனங்களுடன் 7 ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டாலருக்கும் அதிகமான ஒப்பந்தம் செய்துகொண்டது. அக்டோபரில் 'பிக் 12' முந்திக்கொண்டு தன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. பேக்-12க்குக் கடைசியில் கிடைத்தது, ரசிகர்கள் கட்டும் சந்தாவைப் பெரிதும் நம்பியிருந்த ஆப்பிள் நிறுவனத்தின் ஓர் ஏற்பாடு மட்டுமே.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் 'பிக் டென்'னுக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் 'பிக் 12'க்குப் போயின. கொலராடோ ஒரு வாரம் முன்பே போய்விட்டது. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையில் இடம் பிடித்தன. அதற்காகத் தங்கள் பங்கில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கவும் சம்மதித்தன.

மிஞ்சியவை இரண்டே இரண்டு: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இவற்றில் ஓரிகன் ஸ்டேட் 1915இல் கூட்டமைப்பை நிறுவிய நால்வரில் ஒருவர். வாஷிங்டன் ஸ்டேட் 1917இலேயே வந்து சேர்ந்தது.

அவை மோசமாக ஆடினவா? இல்லை. 2022இல் ஓரிகன் ஸ்டேட் 13 ஆட்டங்களில் 10 வென்றது. அட்லாண்டிக் கூட்டமைப்பு வரவேற்ற ஸ்டான்ஃபோர்ட் அதே ஆண்டில் 12 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது. ஆனால், வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் சுமார் 30,000 பேர் வாழும் ஊர். சுற்றிலும் கோதுமை வயல்கள். ஸ்டான்ஃபோர்டின் அருகே சான் பிரான்சிஸ்கோ. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தக் கூட்டமைப்பு வலுவிழந்து முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அதன் உறுப்பினரான வாஷிங்டன் அணி 2024 ஜனவரி 8ஆம் நாள் தேசிய இறுதியாட்டத்தில் ஆடியது. மிச்சிகனிடம் 34-13 எனத் தோற்றது. திடலில் ஏறுமுகம், ஏட்டில் இறங்குமுகம்.

எஞ்சிய இருவரும் நீதிமன்றம் சென்றார்கள். அமைப்பின் நிர்வாகம் விட்டுப்போனவர்களுக்கு அல்ல, இருப்பவர்களுக்கே உரியது என்று 2023 நவம்பரில் அந்த வட்டார நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டு அணிகள் மட்டுமே கொண்ட கூட்டமைப்பாக 2024, 2025 பருவங்களை ஓட்டினார்கள். போய்சி ஸ்டேட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் 2026 முதல் தங்களுடன் இணையுமாறு ஏற்பாடும் செய்தார்கள். பெயர் பிழைத்தது, பழைய உறவு பிழைக்கவில்லை.

யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

விட்டுப்போனவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நீச்சல், ஓட்டம், கைப்பந்து போன்ற விளையாட்டுகளுக்கு வருமானம் மிகக் குறைவு. காற்பந்துப் பணத்தில்தான் அவை நடக்கின்றன. யுசிஎல்ஏயின் விளையாட்டுத் துறை மூன்றே ஆண்டுகளில் 100 மில்லியன் டாலருக்கு மேல் பற்றாக்குறையில் தவித்தது. வீடு கடனில் இருக்கும்போது நல்ல சம்பளம் கிடைக்கும் வேலைக்கு மாறுபவரைக் குறை சொல்வோமா?

ஆனால் சுமை யார் தோளில் ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும். காற்பந்து அணி வாரம் ஒருமுறை தனி விமானத்தில் பறந்து திரும்பிவிடும். கைப்பந்து ஆடும் மாணவிக்கு வார நடுவிலும் ஆட்டம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரட்கர்ஸ் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர்; மூன்று மணி நேரக் கால வேறுபாடு. எந்தக் காற்பந்துப் பணத்தில் அவளுடைய விளையாட்டு பிழைக்கிறதோ, அதே பணம் அவளை வகுப்பறையிலிருந்து தூரமாகவும் இழுத்துச் செல்கிறது.

ஆடுபவனுக்குத்தான் பங்கு கிடைத்ததா? நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்றுநரைப் பதவி நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டாலருக்கும் அதிகம். ஆட்டக்காரர்கள் அப்போதும் பல்கலைக்கழகத்திடமிருந்து சம்பளம் பெறாத மாணவர்களே. தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையே 2021 ஜூலையில்தான் வந்தது. 2025 ஜூன் மாதம் ஏற்கப்பட்ட ஒரு நீதிமன்றச் சமரசத்திற்குப் பிறகே பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு உச்சவரம்பு ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர். அந்தப் பணத்தைத் திரட்ட இன்னும் பெரிய ஒளிபரப்பு ஒப்பந்தம் வேண்டும். சக்கரம் மறுபடியும் சுழல்கிறது.

அன்பு நேயர்களே, இந்த வரலாற்றில் வில்லன் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நலனுக்கு ஏற்ற முடிவைத்தான் எடுத்தது. எல்லோரும் அப்படியே எடுத்தபோது, நூறாண்டுக் காலம் சேர்ந்து கட்டிய வீடு இடிந்தது. 1895இல் சிகாகோவில் கூடியவர்கள் கேட்ட கேள்வி, இவன் படிக்க வந்த மாணவனா என்பது. இன்று கேட்கப்படும் கேள்வி, இவனை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது. புல்மன் ஊர் தோற்றது ஆட்டத்தில் அல்ல, இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

ஒரு மன்றத்தையோ பள்ளியையோ சங்கத்தையோ நடத்துகிற யாவரும் இவ்விரண்டு கேள்விகளில் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நல்லது.